முத்திரை அக்காவும் பதினான்கு கிலோப் பெட்டியும்

எங்கள் நீதிமன்றத்துக்கு உயிரோடு வந்தவர்களை யாரும் பொருட்படுத்தியதில்லை. நடைபாதையில் நின்று நின்று கால் வீங்கிப்போனவர்களிடம் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. செத்து வந்தவர்களுக்கு மட்டும் அங்கே ராஜ மரியாதை. நான் மனிதர்களைச் சொல்லவில்லை. கிளி, பூனை, மீன், நாய். அந்த மரியாதையை இருபத்தெட்டு வருஷம் தன் கையால் செய்தவர் முத்திரை அக்கா.

பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகக் காகிதங்களில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் முத்திரை அக்காதான். சான்றாக வருகிற எந்தப் பொருளும் முதலில் அவர் மேசைக்குத்தான் வரும். எடை போடுவார். வழக்கு எண், எடை, தேதி எழுதிய துணிச்சீட்டைத் தைப்பார். சணல் கயிறு கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, பித்தளை முத்திரையை வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். அவருடைய வலது கட்டைவிரலில் ரேகையே கிடையாது. அரக்குச் சூடு தின்றுவிட்டது. பிறகு பெரிய பதிவேட்டைத் திறப்பார். அதில் கடைசிக் கட்டம் 'பொருளின் நிலை'. அவருக்கு முன்னால் இருந்தவர் எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று எழுதிவிட்டு நாலரைக்கே வீட்டுக்குக் கிளம்பியவர். அக்கா அப்படியில்லை. 'இடது கண்மணி ஆடுகிறது. யாரும் தொட வேண்டாம்' என்று ஒரு கிளிக்கு எழுதியிருந்தார்.

அந்தக் கிளி ஒரு விவாகரத்து வழக்கில் வந்தது. வீட்டை, வண்டியை, கட்டிலைக்கூடச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்ட புருஷனும் பெண்டாட்டியும், செத்துப் பஞ்சடைத்து வைத்திருந்த கிளிக்காக நாலு வருஷம் படியேறினார்கள். இன்னொரு தடவை வழியில் நின்றுபோன லாரியில் எண்பது பெட்டி மீன் கெட்டுவிட்டது என்று வழக்கு. எண்பதையும் வைக்க இடமில்லை, ஒரு மீன் போதும் என்றார் நீதிபதி. அந்த மீன் எண்பது பெட்டியின் சார்பில் எங்களிடம் ஒரு வருஷம் குளிரில் இருந்தது. அதன் சீட்டில் அக்கா 'பிரதிநிதி' என்று எழுதியதை நான் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பொருளறை தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால் கடைசியாக இருந்தது. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே. மூன்று மணிக்கு அதன் வழியாக வெயில் சாய்வாக இறங்கி, அலமாரி அலமாரியாகத் தடவிக்கொண்டு போகும். ஓடாத கடிகாரங்கள், பூட்டு உடைந்த பெட்டிகள், யாருடையது என்று இன்னும் தீராத ஒரு தொட்டில். கிளியின் கண்ணில் வெயில் பட்டதும் அது எங்களைத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருக்கும். மூலையில் பெரிய ஃப்ரீசர் மெல்ல உறுமிக்கொண்டே இருக்கும். நான் மேல்மாடியில் டைப்பிஸ்ட். மதியச் சாப்பாட்டுக்கு அங்கேதான் இறங்கி வருவேன். செத்த மிருகங்களுக்கு நடுவில் எப்படிச் சாப்பாடு இறங்குகிறது என்று வக்கீல்கள் கேலி பண்ணுவார்கள். வக்கீல்களுக்கு நடுவில் இறங்குவதைவிட நன்றாகவே இறங்கியது.

அக்காவுக்கு அடிக்கடி ஒரு கனவு வரும்.

"தங்கச்சி, நேத்தும் அதே கனவு. எல்லாரும் எழுந்திருச்சு நடைபாதையில வரிசையா போறாங்க. கிளி முன்னாடி நடக்குது, பறக்க மறந்துபோச்சு போல. பின்னாடி அந்த மீன். மேல ஒருத்தர் பேர் கூப்பிடுறாரு. ஒருத்தர் பேரும் சரியா கேக்கல."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?"

"அந்த மனுஷன் எங்க முழிச்சிருக்காரு?"

அவர் கணவருக்கு ரொட்டிக்கடையில் வேலை. விடிவதற்கு முன்னே போய் மதியம் திரும்பிப் படுத்துவிடுவார். அக்கா வீட்டுக்குப் போகும்போது அவர் தூங்குவார். அவர் கிளம்பும்போது அக்கா தூங்குவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒருவர் தூங்குவதை இன்னொருவர் பார்த்துக்கொண்டே குடும்பம் நடத்தி, ஒரு மகளையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். தூங்குகிறவர்கள் பக்கத்தில் சத்தமில்லாமல் நடமாட அக்கா எங்கே கற்றுக்கொண்டார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அக்காவை உலுக்கிப்போட்டது ஒரு பூனை. பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைத்துக் கொன்றுவிட்டார் என்று வழக்கு. தீர்ப்பு வந்ததும் உரியவர்கள் யாரும் எடுக்க வரவில்லை. அப்படித் தங்கிப்போன உடல்களுக்கு விதி ஒன்றுதான்: நகராட்சிக் குப்பை வண்டி. வண்டிக்காரர் வந்தார், ஒற்றைக் கையால் தூக்கிக் காய்கறித் தோலின் மேல் வீசினார். அக்கா தைத்த துணிச்சீட்டு பூனையின் காலில் ஆடிக்கொண்டே தெரு முனை வரை போயிற்று. அக்கா இரண்டு நாள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

அதற்கு மறு மாதம் வந்தார் டிரைவர்.

தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி முன்னமே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. ஒரு நாய் இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் தம்பி. பதினாறு வயதில் தம்பி செத்தபோது, அவர் குடியிருந்த அடுக்குமாடியின் பொதுத் தோட்டத்தில், மூலையில் ஒரு குழி வெட்டிப் புதைத்தார். மூன்றாம் நாள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் ஆள் வைத்துத் தோண்டி வெளியே எடுத்தார். நாய்க்கு ஏதோ தொற்றுநோய், எல்லோருக்கும் ஆபத்து என்று வழக்கும் போட்டார். முதுமைதான், நோயில்லை, புதைத்த உடலைத் தோண்டியது எந்த ஊர் நியாயம் என்று டிரைவரும் பதிலுக்கு ஒன்று போட்டார். நோய் இருந்ததா என்று ஆய்வுக்கூடம் சொல்லும் வரை உடலைப் பாதுகாக்கவேண்டும் என்று உத்தரவு. ஆய்வுக்கூடம் முதலில் மாதிரி போதாது என்றது. அனுப்பிய இரண்டாவது மாதிரி தொலைந்தது. மூன்றாவதைப் பற்றி மூச்சே விடவில்லை.

பெட்டியோடு வந்த அன்றைக்கே டிரைவர் அக்காவின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை நாள் வேணாலும் வச்சுக்குங்கம்மா. குப்பை வண்டியில மட்டும் போட்டுறாதீங்க."

"போட மாட்டேன்ணே," என்றார் அக்கா. கொடுக்க அவருக்கு அதிகாரமே இல்லாத வாக்கு அது. கொடுத்துவிட்டார்.

பெட்டி பதினான்கு கிலோ. நிலை என்ற கட்டத்தில் 'பக்கவாட்டில் படுத்திருக்கிறது. முகம் அமைதியாக உள்ளது' என்று எழுதினார்.

அதன்பின் வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு முறையும் டிரைவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வழக்கு கூப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவார். பொருளறை வாசலில் நின்று கேட்பார்: "எப்படி இருக்கான்?"

"தூங்குறான்."

அவ்வளவுதான் பேச்சு. சில நாள் கொஞ்சம் நீளும். "பஸ்ல என் சீட்டுக்குக் கீழதாம்மா படுப்பான். வீட்டுலயும் நாற்காலிக்குக் கீழதான். என் ரெண்டு காலையும் அவன் முதுகுல வச்சுக்கணும். இல்லேன்னா முனகிக்கிட்டே கிடப்பான். கால் பட்டாத்தான் தூக்கம்." சொல்லிவிட்டுத் தன் காலையே பார்ப்பார். பிறகு மேலே போய், "அடுத்த மாதம் பதினேழு" என்று வாங்கிக்கொண்டு இறங்குவார். "நான் போறதுக்கு முந்தி அவனை ஒரு இடத்துல வச்சிரணும்மா," என்பதும் உண்டு. வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவருக்குப் படிக்கட்டில் ஒரு படி கூடிக்கொண்டே போனதுபோல் இருந்தது.

ஆறாவது வருஷம் கோடை விடுமுறை. இதை அப்போது நான் அறியேன், பின்னால் அக்கா சொல்லித்தான் தெரியும். விடுமுறையின் கடைசி நாள், அறைக்குக் கொஞ்சம் காற்றுக் காட்டலாம் என்று மதியம் தனியாகப் போயிருக்கிறார். கதவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. முதலில் மூக்குக்கு அல்ல, காதுக்கு. உறுமல் இல்லை. ஃபியூஸ் போய் எத்தனை நாளாயிற்றோ. அந்த நேரம் ஃப்ரீசரில் இருந்தது தம்பி ஒருவன்தான்.

முறைப்படி அவர் அறிக்கை எழுதியிருக்க வேண்டும். நீதிபதி பார்ப்பார், 'சிதைந்த பொருள்' என்று ஒரு வரி எழுதுவார், மறுநாள் காலை வண்டி வரும். அக்கா காகிதத்தை எடுத்து வைத்தார். பேனாவையும் திறந்தார். அந்தப் பூனையின் காலில் ஆடிய சீட்டு கண்ணுக்குள் வந்து நின்றது. பேனாவை மூடிவிட்டுத் தோட்டக்காரரின் மண்வெட்டியைத் தேடிப் போனார்.

கட்டடத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி ஒரு பெரிய மரம். அதன் அடியில் ஐம்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை தன்னந்தனியாகத் தொடையளவு ஆழத்துக்குக் குழி வெட்டினார். மதியத் தூக்கத்துக்கு வைத்திருந்த பருத்திப் போர்வையில் தம்பியைச் சுற்றி உள்ளே வைத்தார். மண்ணைத் தள்ளும்போது மரத்திலிருந்து பூவோ இலையோ என்னவோ உதிர்ந்துகொண்டே இருந்ததாம். அழுதாரா என்று கேட்டேன். "அழுதேன்," என்றார், மறைக்காமல். ஒரு வாரம் இடுப்பு நிமிரவில்லை. குளியலறையில் வழுக்கிவிட்டது என்று தூங்குகிற கணவரிடம் சொன்னாராம்.

காலிப் பெட்டியைச் சும்மா விட முடியுமா? சீட்டில் பதினான்கு கிலோ என்று இருக்கிறதே. காகித ஆலைக்குக் கூழாக அரைக்க ஒதுக்கியிருந்த பழைய வழக்குக் கட்டுகளை எடுத்தார். அண்ணன் தம்பி மதில்சுவர்த் தகராறு, மூன்று பாகம். முள் பதினான்கில் வந்து நிற்கும் வரை ஒவ்வொரு தாளாகச் சேர்த்தார். கயிறு, அரக்கு, முத்திரை. ஃபியூஸையும் மாற்றிப் பெட்டியை மறுபடி குளிரில் வைத்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்கு வருகிற அதிகாரி பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. முத்திரை முழுசாக இருந்தால் பொருளும் முழுசாக இருக்கிறது, அதுதான் எங்கள் முறை. மூன்று வருஷத்தில் ஆறு சோதனை. அதில் ஒருவர், முத்திரை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பாராட்டிவிட்டு வேறு போனார்.

அந்தக் கோடையில்தான் நடைபாதையில் கிடந்த இரும்பு பெஞ்சு மரத்தடிக்குப் போயிற்று. அக்காதான் தோட்டக்காரரை நச்சரித்துப் போட வைத்தார். வாய்தாவுக்கு வரும் டிரைவரை அங்கே அனுப்புவார். அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"ஏம்மா, இங்க உள்ளயே நிக்கிறேனே. அங்க பறவை தலையில போடுது."

"பரவால்லண்ணே, துடைச்சுக்கலாம். காத்து நல்லா வரும். போய் உக்காருங்க."

முணுமுணுத்துக்கொண்டே போவார். அவர் உட்கார்ந்து காலை நீட்டும் வரை அக்கா வாசலிலேயே நின்று பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும். வயசானவரை வெயிலில் விரட்டுவானேன் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அக்கா காதில் வாங்காதவர்போல் அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கான்?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் மாறவில்லை. "தூங்குறான்."

ஒன்பதாம் வருஷம் புது நீதிபதி வந்தார். சின்ன வயதுப் பெண், கையில் துடைப்பத்தோடு வந்தவர்போல் பழைய வழக்குகளைப் பெருக்கித் தள்ளினார். ஒரு காலைப் பொழுதில் தம்பியின் கட்டு அவர் மேசைக்கு வந்தது. பதினைந்து நிமிஷம் படித்தார். நோய் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை, சங்கத்தின் மனு தள்ளுபடி. இறந்த நாயை நிம்மதியாகப் புதைக்கும் உரிமை அதை வளர்த்தவருக்கு உண்டு. உடலைப் பிற்பகல் மூன்று மணிக்கு என் முன்னால் அவரிடம் ஒப்படைக்கவும் என்று நீதிபதியின் உத்தரவு. நான்தான் டைப் செய்தேன். சந்தோஷத்தில் இரண்டு எழுத்துப் பிழை விட்டேன். டிரைவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நல்ல செய்தியைச் சொல்ல ஓடினேன். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"அறிவிருக்கா அக்கா உங்களுக்கு? இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு ஓய்வுக்கு. சான்றை மறைச்சீங்கன்னு வேலையை விட்டே தூக்கிருவாங்க. பென்ஷன் வராது."

"தெரியும்."

கோபம் ஆறியதும் எனக்கு வேறொன்று உறைத்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணும் சொல்லாதீங்க. பெட்டியை அப்படியே குடுத்துருங்க. முத்திரை இருக்கு, எடை இருக்கு. ஒன்பது வருஷம் கழிச்சு யாராவது திறந்து பார்ப்பாங்களா? அவர் கொண்டு போய் அப்படியே புதைச்சிருவார். அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. ஈ காக்காய்க்குத் தெரியாது."

ஜன்னல் வெயில் இன்னும் இறங்கவில்லை. ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது, மூன்று பாக மதில்சுவரைக் குளிர வைத்தபடி. அக்கா மேசையில் கிடந்த பித்தளை முத்திரையைத் துணியால் துடைத்தார்.

"அதுவும் நல்ல யோசனைதான்," என்றார் கடைசியில். நான் பெருமூச்சு விட்டேன்.

மூன்று மணிக்குத் தள்ளுவண்டியில் பெட்டி வந்தது. குளிர் பட்டு அதன் மேல் வியர்த்திருந்தது. நீதிபதி முத்திரையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், தலையசைத்தார். எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது. "கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கலாம்," என்றார். செயலாளர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பின் வரிசையில் இருந்தார். டிரைவர் மெல்ல நடந்து வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே, பழக்க தோஷம், அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"எப்படி இருக்கான்?"

என் விரல்கள் டைப்ரைட்டர் எழுத்துகளின் மேல் நின்றன. சொல்லுங்க அக்கா, ஒரே ஒரு சொல்தானே, ஒன்பது வருஷமாகச் சொன்னதுதானே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"தூங்குறான்ணே," என்றார் அக்கா. "ஆனா இதுக்குள்ள இல்ல."

டிரைவரின் கை பெட்டியிலிருந்து எழவில்லை. அக்கா தன் கத்தரியால் கயிற்றை வெட்டினார். இருபத்தெட்டு வருஷத்தில் தான் வைத்த முத்திரையை எல்லோர் முன்னாலும் தானே உடைத்தது அன்றைக்குத்தான். ஈரம் கோத்த காகிதக் கட்டுகள் வெளியே வந்தன. பிறகு ஃபியூஸ், விடுமுறை, எழுதாத அறிக்கை என்று ஒன்றுவிடாமல், பதிவேட்டில் எழுதுகிற அதே குரலில் சொன்னார். செயலாளர் துள்ளி எழுந்தார். "பார்த்தீங்களாம்மா, நான் அப்பவே..."

"உட்காருங்க," என்றார் நீதிபதி.

டிரைவருக்கு இதெல்லாம் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. முகம் சாம்பல் பூத்துவிட்டது. "வண்டியிலயாம்மா?" என்று கேட்டார். ஒன்பது வருஷப் பயமும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

"இல்லண்ணே. நீங்க உக்கார்ற பெஞ்சுக்கு நேர் கீழ."

அவர் குனிந்து தன் செருப்பையே பார்த்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் படியிறங்கிப் போனார்.

அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். விசாரணை நடந்தது. நீதிபதி அவருக்காக நல்ல வார்த்தை எழுதியும், வேலை போயிற்று. பென்ஷனில் பாதிதான் மிஞ்சியது, அதுவும் பெரிய மனசு பண்ணி. அக்கா ரொட்டிக்கடையில் பெட்டி கட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். கணவரோடு சேர்ந்து கிளம்பி, சேர்ந்து திரும்புகிறார். "இந்த மனுஷன் இவ்வளவு பேசுவார்னு எனக்குத் தெரியாமப் போச்சு தங்கச்சி," என்கிறார். இருந்தாலும் பொருளறையைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கதவைத் திரும்பிப் பார்ப்பேன். நான் சொன்னதை அவர் கேட்டிருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றும், கேட்காததே சரி என்று மறுநாள் தோன்றும்.

அன்றைக்கு நீதிபதி கேட்ட கேள்வி ஒன்றுதான். உடலை உரியவர் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வேண்டுமே, மறுபடி தோண்டுவதா? அவரே எழுந்து இறங்கி வந்தார். பதிவேட்டைச் சுமந்துகொண்டு அக்கா, பின்னால் நான்.

டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்திருந்தார். வெறும் பாதங்கள் இரண்டும் மண்ணின் மேல் இருந்தன. மரத்திலிருந்து என்னவோ உதிர்ந்துகொண்டே இருந்தது, அவர் தலையில், தோளில், எங்கள் பதிவேட்டில்.

"மூணு வருஷமா உங்களைத் திட்டிக்கிட்டே உக்கார்ந்திருந்தேனேம்மா," என்றார் அக்காவிடம். அழுதுகொண்டே சிரித்தார். "காலை வச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்."

தோண்ட வேண்டாம், ஒரு தடவை தோண்டினது போதும் என்றார். அக்கா பதிவேட்டை அவர் மடியில் விரித்துப் பேனாவைக் கொடுத்தார். பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது. பொருளின் நிலை. அது அக்கா எழுத வேண்டிய இடம். யாரும் தடுக்கவில்லை. கோணல்மாணலாக அவரே எழுதினார்: 'தூங்குறான்.'

நீதிபதி அதன் கீழே கையெழுத்துப் போட்டு, தேதி எழுதினார்.